பயிற்சி வகுப்பறைக்கு வரட்டும்

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், மற்றவர்தான் ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். குழந்தைகள் இழக்கும் அந்த நாளுக்கு ஈடாக என்ன திரும்பி வருகிறது? ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அதை ஏற்காத தமிழ்நாட்டிலும் பயிற்சி நாள்களுக்குக் குறைவில்லை. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்துக்குச் சொல்ல, மாவட்டம் வட்டாரத்துக்குச் சொல்ல, கடைசியில் பயிற்சி குறுவளமையத்துக்கு வருகிறது. கையேடு முழுதாக வந்து சேரும். அதை வகுப்பில் நடத்திக் காட்டும் கைப்பழக்கம் வழியிலேயே தங்கிவிடும்.

பயிற்சி மையத்தில் நடப்பது நல்லதா, வகுப்பறையிலா என்பதைத் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் சோதித்தே பார்த்தார்கள். தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரே பாடத்திட்டத்தையும் ஒரே கற்பித்தல் பொருள்களையும் கொடுத்தார்கள். ஒரு தரப்பை மையத்துக்கு அழைத்துப் பயிற்றுவித்தார்கள். மறுதரப்பின் வகுப்பறைக்கே பயிற்றுநர் மாதந்தோறும் போனார். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பிள்ளைகளின் வாசிப்பில் மையப் பயிற்சி தந்ததைப்போல் இரு மடங்கு முன்னேற்றம் வகுப்பறைப் பயிற்சியில் கிடைத்திருந்தது. பயிற்றுநர் வந்த வகுப்புகளில் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து வாசிக்க வைப்பது கூடியிருந்தது. கேட்க எளிதான யோசனைதான். ஆனால் நாற்பது பேரில் எட்டுப் பேரை முன்னால் அழைத்து ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்கும்போது, மீதி முப்பத்திரண்டு பேர் என்ன செய்வது? பயிற்சிக் கூடத்தில் இதற்கு விடை கிடைக்காது; அந்த வகுப்பில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும்.

வகுப்பறைக்குப் போக ஆள் எங்கே என்பார்கள். வட்டார வளமையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்களே! அவர்களைப் புள்ளிவிவரம் திரட்ட அனுப்பாமல் இருந்தாலே போதும். டேப்லெட் வழியாகச் செய்தால் செலவு மிச்சமாகுமே என்றால், அதே தென்னாப்பிரிக்காவின் ம்புமலங்கா மாகாணத்தில் அதுவும் சோதிக்கப்பட்டது. பயிற்றுநர் நேரில் போன பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு உயர்ந்தது. திரைவழிப் பயிற்சியில் உயரவில்லை. நான் மதிக்கும் எதிர்ப்பு வேறொன்று. பின்வரிசையில் யாராவது வந்து உட்கார்ந்தால் ஆசிரியருக்கு ‘ஆய்வு’ என்றுதான் தோன்றும். அந்த அச்சம் அனுபவத்தில் விளைந்தது, பேச்சால் போகாது. வருகிறவர் மதிப்பெண் போடக் கூடாது, மேலே அறிக்கை அனுப்பக் கூடாது. முதலில் அவரே சாக்பீஸை எடுத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். தடுமாறினால் அதையும் ஆசிரியர் பார்க்கட்டும். தலைமையாசிரியர்களுக்கான பயிற்சியும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்: சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கவும், கண்டதை மனம் நோகாமல் பேசவும் அவர்களுக்கும் யாராவது கற்றுத்தர வேண்டும் அல்லவா?

பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டில் மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்திலாவது பயிற்சி நாள்களில் பாதியை வகுப்பறைக்கு மாற்றிப் பார்க்கட்டும். ஆண்டு முடிவில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முடிவை ஊரறிய வெளியிடட்டும்.