கையெழுத்து மட்டும் அம்மாவுடையது

மதிப்பிற்குரிய தென்காசி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கீழப்பாவூரில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் அம்மாக்கள்தான் வருவார்கள், பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு. மதிப்பீட்டு முகாமுக்கென்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. அதையெல்லாம் அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. "என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்பதுதான் அவர்கள் கேட்பது. பார்த்துச் சொல்ல என்னிடம் தாள் இருந்தால்தானே? பிள்ளைக்கென்று போட்ட தனிநபர் கல்வித் திட்டத்தின் தாள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதிலுள்ள கையெழுத்து மட்டும் அம்மாவுடையது.

வட்டார வள மையங்கள் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறைப் பயிற்சி, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி என்று பல உதவிகள் அரசுப் பணத்தில் நடக்கின்றன. இவை யாருடைய தயவும் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012ல் வந்த திருத்தம், கடுமையான இயலாமை உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைத் தந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் இயலாமை உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அந்த 40தான் வாசல்படி. மருத்துவர் 35 என்று எழுதிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீடு திரும்பிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அதை முகாமில் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

பயிற்றுநர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைகிறவர்களிடம் போய் அந்தக் கணக்கைக் கேட்பது நியாயமாகாது.

என் வருத்தம் வேறு. பிள்ளைக்கு என்னென்ன தர வேண்டும் என்று விரிவாகப் பேசும் சட்டம், அதைத் தீர்மானிக்கும்போது பெற்றோருக்கு எதைக் காட்ட வேண்டும் என்பதில் வாய் திறப்பதில்லை. 2016 சட்டத்தின் 4ஆம் பிரிவு, பிள்ளையின் கருத்தைக்கூடக் கேட்கச் சொல்கிறது, நல்லதுதான். பேச்சு வராத ஏழு வயதுப் பிள்ளையின் கருத்தை அவன் அம்மாவைத் தவிர யாரிடம் கேட்பீர்கள்? அமெரிக்காவில் 1975லேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தரும் உதவியை மாற்றுவதானால் முன்கூட்டியே பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பைப் பார்க்கலாம், ஒப்புக்கொள்ளவில்லையென்றால் நடுநிலையான விசாரணை கேட்கலாம். அங்கேயும் வழக்கறிஞருக்குக் காசு கொடுக்க முடிந்த பெற்றோருக்கே அது முழுசாகப் பயன்படுகிறது என்பார்கள். இருக்கட்டும், தாளாவது கையில் இருக்கிறதே!

இங்கே தன் பிள்ளைக்குப் போட்ட திட்டத்தைப் பார்க்க ஒரு தாய் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி, 30 நாள் காத்திருக்க வேண்டுமா? உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும். தனிநபர் கல்வித் திட்டத்தைத் தமிழில், அம்மாவுக்குப் புரிகிற வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு கையெழுத்தோ ரேகையோ வாங்கட்டும், அங்கேயே ஒரு நகல் கொடுக்கட்டும். வாரம் இத்தனை முறை வீட்டுக்கு வருவோம் என்பதைக் குறைப்பதாக இருந்தால் சொல்லாமல் நின்றுவிடாமல் முன்பே சொல்லட்டும். மேல்முறையீடு எங்கே செய்வது என்பதை முகாம் நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கட்டும்.

இன்னொன்று நேரடியாக உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு 18 நிறைந்ததும் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமையே தாய்க்கு இல்லாமல் போகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப் பாதுகாவலரை நியமிப்பது, ஆட்சித் தலைவரைக் கொண்ட உள்ளூர்க் குழு. அம்மாக்களில் பலர் இதை வங்கியில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். 17 வயது முடிவதற்குள் அந்த விண்ணப்பம் பள்ளி வழியாகவே வீட்டுக்குப் போய்ச் சேரும்படி உத்தரவிடுங்கள்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் சில அம்மாக்களுடன் வருகிறேன். கோப்புகளின் நகல் வேண்டும் என்று மனுவில் கேட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கீழப்பாவூரிலிருந்து ஒரு மனு எழுத்தர்