யார் மன்னிப்புக் கேட்பது?



நம் ரஞ்சன்குடிப் பக்கம் அண்ணன் தம்பி சண்டை என்றால் பெரும்பாலும் வரப்பு, கிணற்றில் தண்ணீர் முறை, வீட்டுப் பங்கு இவைதான். பேசித் தீர்க்க உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "யார் மன்னிப்புக் கேட்கிறது?" அங்கேயே பேச்சு நின்றுவிடும். தன் மேல் தப்பில்லை என்றுதானே இருவரும் வந்திருக்கிறார்கள்! அதனால் நன்றியில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு யார் மேல் தப்பு என்று தீர்ப்பு வேண்டியதில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அந்தச் சபை பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி, கிறிஸ்து கட்சி என்று பிரிந்து கிடந்தது. ஒருவர் மேல் ஒருவர் வழக்கும் போட்டிருந்தார்கள் (6ஆம் அதிகாரம்). அவ்வளவும் தெரிந்தும், முதல் அதிகாரம் 4ஆம் வசனத்தில் அவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சண்டையைப் பற்றிப் பேசுகிறார். பிலமோனிடமும் அப்படித்தான். ஒனேசிமை ஏற்றுக்கொள் என்று கேட்பதற்கு முன், பிலமோனின் அன்பால் தனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்கிறார்.

கலாத்தியருக்கு எழுதும்போதோ அந்த நன்றி இல்லை, நேரே கண்டிப்புதான். மனதில் இல்லாததை அவர் எழுதவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே அடி வாங்கிய பெண்ணிடம் யாரும் இந்தப் பதிவைக் காட்டி "புருஷனுக்கு நன்றி சொல்லும்மா" என்று சொல்ல வேண்டாம்.

"நமக்குள்ள என்ன டீச்சர் நன்றி?" என்பீர்கள். உண்மைதான், சொந்தத்தில் அந்த வார்த்தை வாயில் வராது. ஆனால் சண்டை வந்ததும் "உன்னைப் படிக்க வச்சேன், உன் கல்யாணத்துக்கு நகை போட்டேன்" என்று சொல்லிக் காட்ட மட்டும் வருகிறதே! அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாங்கியவர் சொல்லட்டும்: "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்த பதினஞ்சு நாளும் அண்ணிதான் சோறு கொண்டு வந்தாங்க." நன்றி என்ற சொல்லே வேண்டாம். சொன்ன கையோடு பத்திரப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் அது நன்றி இல்லை, தூண்டில்.

வேண்டுதல் பலித்தால் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் நன்றித் திருப்பலிக்கு எழுதிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னவர் இயேசு (மத்தேயு 5).

நம் சொந்தத்தில் இரண்டு வீட்டார் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். பெயர் எழுத மாட்டேன், இதை அவர்களும் படிப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் யாராவது ஒருவர் போன் போடுங்கள். நம்பர் இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள், இரண்டு வீட்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது.