டிஷ் வீட்டில் திருவண்ணாமலை தெரியாது

கார்த்திகை தீபத்தன்று எங்கள் மலை எல்லாச் சேனலிலும் தெரியும். 2024இல் தீபம் டிசம்பர் 13. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஃபெஞ்சல் புயல் மழையில் அதே மலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். சாட்டிலைட் சேனல்கள் இரண்டையும் காட்டின. ஆனால் எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும், முகாம் எந்தப் பள்ளியில், எந்தச் சாலை மூடல் என்பதெல்லாம் லோக்கல் சேனல் சொல்ல வேண்டியவை. டிஷ் வைத்திருக்கும் வீட்டில் அந்தச் சேனலே வராது.

காரணம் எளிது. லோக்கல் சேனல் ஊர்க் கேபிளோடு முடிந்துவிடும். டிஷ்ஷுக்கான அலைவரிசையோ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே மழையாகப் பொழிகிறது. ஒரு தாலுகாவுக்கான சேனலும் தேசியச் சேனலும் அதில் அடைக்கும் இடம் ஒன்றுதான். போதாததற்கு, சாட்டிலைட் செய்திச் சேனல் தொடங்க 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். ஊரில் கேமரா வைத்திருப்பவர் எங்கே போவார்?

சரி, டிஷ் யார் வீட்டில்? எங்கள் கிராமத்தில் கேபிள் வயர் ஊர்த்தெருவோடு நின்றது. காலனிக்குக் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது என்றார்கள். 2006க்குப் பிறகு இலவசக் கலர் டிவி வந்தபோது, அதில் படம் தெரிய நாங்கள் டிஷ் வாங்கினோம். தொழில்நுட்ப மாற்றம் என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோமே, அதற்குள்ளும் ஊர் – சேரி எல்லை இருக்கிறது.

லோக்கல் சேனலைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. ஊர்ப் பெரியமனிதர் வீட்டுக் காதுகுத்து ஒரு மணி நேரம் ஓடும். காலனியில் தண்ணீர் வராதது ஒரு வரியாகக்கூட ஓடாது. 2023 ஜனவரியில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாக நுழைந்தபோது மாநிலமே பார்த்தது. அடுத்த வாரம் அங்கே கடையில் பொருள் கொடுக்கிறார்களா, வயலில் வேலை கொடுக்கிறார்களா என்று பார்க்க, பக்கத்திலேயே இருக்கும் கேமரா வேண்டும். சென்னை வேன் திரும்பிப் போய்விடும்.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். தேடத் தெரிந்தவருக்கு இருக்கிறது. ரிமோட்டில் எண்ணை மட்டும் அழுத்தும் என் அம்மாவுக்கு இல்லை.

1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவு தூர்தர்ஷனைக் கட்டாயமாக்குகிறது. மாவட்டச் சேனலுக்கு அப்படியொரு உரிமை இல்லை. அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களை அந்தந்த ஊருக்கே திருப்பித் தர சாட்டிலைட் நிறுவனங்களுக்கு 1999இல் சட்டம் வழிவிட்டது; ஒரு நகரத்தில் ஒன்றைக் கொடுத்தால், கேட்கும் மற்றவற்றையும் கொடுக்க வேண்டும் என்பது 2002 முதல் விதி. அங்கேயும் கட்டணத் தகராறில் சேனல்கள் இருண்டுபோகின்றன. ஆனாலும் பார்வையாளர் சண்டை போட ஒரு விதியாவது இருக்கிறது.

இங்கே அரசு கேபிள் நிறுவனம் அரசினுடையது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்க முடிந்தவர்கள், மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சேனலைக் கட்டணமில்லாமல் ஒதுக்கட்டும். அதை நடத்தும் குழுவில் காலனி ஆட்கள் இருக்கட்டும். வயரை முதலில் காலனிக்கு இழுக்கட்டும்.