மாப்பிள்ளை ஊர் ஆஸ்பத்திரி

உங்கள் பெண்ணையோ, தங்கையையோ லண்டன் பிரஜை ஒருவருக்குக் கொடுத்திருக்கிறீர்களா? அல்லது கொடுப்பதாக உத்தேசமா? அப்படியானால் அடுப்பைச் சற்று இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். சேலை, நகை, சீர் வரிசை எல்லாம் பேசி முடிக்கிற நாம், அங்கே போய்ப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

எங்கள் எதிர் வீட்டு மாமியும் கேட்கவில்லை. மாப்பிள்ளை லண்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் நாற்பது வருஷத்துக்கு முன்பே அங்கே குடியேறியவர். பிள்ளை உத்தியோகத்துக்காகப் பெங்களூருக்கு வந்தார், மாமியின் பெண்ணைக் கண்டார், கல்யாணம் ஆயிற்று. ஐந்து வருஷம் பெங்களூர்வாசம். இப்போது லண்டனில் தனியாக இருக்கும் தாயாருக்கு உடம்பு சரியில்லை. ஒரே பிள்ளை. ஊர் திரும்பியே ஆக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பெண்ணுக்கு மூன்று மாதம்.

"அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் இனாமாமே! மாப்பிள்ளையோ அந்த ஊர்க்காரர். அப்புறம் என்ன கவலை?" என்று மாமி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனாம் என்பது வாஸ்தவம்தான். 1948 ஜூலை 5-ஆம் தேதி சுகாதார மந்திரி அனூரின் பெவன் ஆரம்பித்து வைத்த தேசிய சுகாதார சேவை அது. டாக்டரிடம் போகும்போது யாரும் பணப் பையைத் திறக்க வேண்டாம் என்பது அதன் அஸ்திவாரம். ஆனால் அந்த உரிமை பாஸ்போர்ட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதல்ல. அந்த மண்ணில் குடியிருப்பதோடு வருவது. 'சாதாரணமாக அங்கே வசிப்பவர்' யார் என்பதற்கு 1982-ல் பிரபுக்கள் சபை ஒரு விளக்கம் தந்தது. வழக்கு என்னவோ மாணவர்களின் படிப்பு உதவித்தொகை பற்றியது; ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தன் இஷ்டப்படி, சட்டப்படி, நிலையான நோக்கத்தோடு அங்கே வாழ வேண்டும். அவ்வளவுதான்.

இதனால் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாப்பிள்ளை விடுமுறைக்கு லண்டன் போயிருந்தார். பழைய முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கப் போனார். "இப்போது எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவர் பெங்களூர் என்று உண்மையைச் சொன்னார். நீட்டினார்கள் பில்லை! பிறந்தது அந்த ஊரில்தான். இருந்தும் விருந்தாளிக் கணக்கு. அதே மனிதர் பெட்டி படுக்கையுடன் நிரந்தரமாகத் திரும்பினால், இறங்கிய அன்றே உரிமையும் திரும்பிவிடும். காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக் கடிதமோ, வீட்டு வாடகைச் சீட்டோ காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், அவ்வளவே.

மனைவி சங்கதி வேறு. வீடு திரும்புகிறவர் அவர். அங்கே அயல்நாட்டுக்காரி நம் பெண். அவள் மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் என்று ஒன்றை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2015-ல் இது ஆரம்பித்தபோது வருஷத்துக்கு 200 பவுன். 2024 பிப்ரவரி 6 முதல் 1,035 பவுன். (மாமி நகைக்கடைப் பவுன் என்று நினைத்து மூர்ச்சை போடப் பார்த்தாள். இது அந்த ஊர் நாணயம்.) முதல் விசா 33 மாதம், அதை மூன்று வருஷமாகவே கணக்கிட்டு 3,105 பவுன் வாங்குகிறார்கள். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். விசா கட்டணம் இதில் சேராது. பிறகு விசாவை இன்னும் 30 மாதம் நீட்டிக்கும்போது 2,587 பவுன் 50 பென்ஸ். ஐந்து வருஷம் முடிந்து நிரந்தர வாச உரிமை கிடைத்தால்தான் இந்தச் சந்தா நிற்கும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும். அந்த மட்டும் நல்லது.

அங்கே வேலைக்குப் போகிற பெண், சம்பளத்திலிருந்து வரியும் கட்டுகிறாள், இதையும் கட்டுகிறாள். ஒரே பந்திக்கு இரண்டு முறை மொய் எழுதுவது போல இருக்கிறது எனக்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கட்டிவிட்டால், பிரசவம் உள்பட ஏறக்குறைய எல்லா வைத்தியமும் அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கிடைப்பது போலவே கிடைக்கும். கருத்தரிப்புக்கான செயற்கை முறைச் சிகிச்சை மட்டும் 2017 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் இதில் சேர்வதில்லை. குழந்தை வேண்டித் தவம் கிடக்கிற பெண்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது உத்தமம்.

இதற்குள் மாமியின் நாத்தனார் ஒரு யோசனையோடு வந்து சேர்ந்தாள். "விசிட்டர் விசாவில் அழைத்துப் போகட்டும். பிரசவ வலியோடு வருகிறவளை எந்த ஆஸ்பத்திரி துரத்தும்?"

துரத்தமாட்டார்கள். அது உண்மை. பிரசவம் என்றால் பணத்தை முன்னிட்டுத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாதென்று விதியே இருக்கிறது. ஆனால் பின்னாலேயே பில் வரும். அதுவும் அவர்கள் சேவைக்கு ஆகும் விலையில் ஒன்றரை மடங்கு. 500 பவுனோ அதற்கு மேலோ பாக்கி நின்றால், அடுத்து மனைவி விசா கேட்கும்போது அதைக் காட்டியே மறுக்கலாம். போதாக்குறைக்கு, விசிட்டராகப் போனவள் அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாறவும் முடியாது. திரும்பி வந்துதான் கேட்க வேண்டும். கைக்குழந்தை அங்கே, கடன் அங்கே, தாய் இங்கே. இந்தக் காட்சியை நான் விவரித்ததும் நாத்தனார் காப்பியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

"சரி, உடனே மனைவி விசாவே கேட்டுவிடலாமே?" என்றாள் மாமி. அங்கேதான் முடிச்சு. அழைத்துப் போகிறவருக்கு வருஷத்துக்கு 29,000 பவுன் வருமானம் வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 11 முதல் உள்ள விதி. பெங்களூர்ச் சம்பளம் மட்டும் போதாது. லண்டனில் அந்த அளவுச் சம்பளத்துக்கு வேலை உத்தரவும் கையில் வேண்டும். மாப்பிள்ளைக்கு அது இல்லை. இல்லாவிட்டால் 88,500 பவுன் சேமிப்பு ஆறு மாதமாக பாங்கியில் இருக்க வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? அவர் முன்னே போய், வேலையில் அமர்ந்து, ஒரே முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டுச் சேர்த்துத்தான் மனைவியை அழைக்க முடியும். அதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

இதை அந்தப் பெண்ணிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் கேட்டாள். பிறகு, "அப்படியானால் குழந்தை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டாரா, அக்கா?" என்றாள். லீவு கிடைத்தால் வருவார் என்று சொன்னேன். புது உத்தியோகத்தில் லீவு எங்கே கிடைக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம்தான். மாமி அதைச் சொல்லித்தான் தேற்றினாள். வழக்கத்தின்படி வருவதும், வேறு வழியில்லாமல் வருவதும் ஒன்றா?

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிரிட்டனில் பிறந்த பிரஜையான தகப்பனுக்கு இங்கே பிறக்கும் குழந்தை, பிறக்கும்போதே பிரிட்டிஷ் பிரஜை. அது அங்கே குடிபோனால் ஒரு பென்னியும் கட்ட வேண்டியதில்லை. பெற்றவளுக்குச் சந்தா, பிள்ளைக்கு உரிமை!

இந்த நிலையில் உள்ள பெண்களுக்குச் சில வார்த்தை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு இங்கிருந்து போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த இடத்தில். கர்ப்பமாயிருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சளிப் பரிசோதனை என்ற மாற்று உண்டு. நேரம்தான் கூடுதலாகும். அங்கே போன முதல் வாரமே 'ஜி.பி.' என்கிற வட்டார டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது. விலாசச் சான்று இல்லையென்று மறுக்கக் கூடாது. நேரே பெரிய டாக்டரைப் பார்க்கிற நம் ஊர்ப் பழக்கம் செல்லாது. இவர் எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி, அதற்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும். 2024 மேயிலிருந்து இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஓர் அயிட்டத்துக்கு 9 பவுன் 90 பென்ஸ். கர்ப்பிணிகளும் பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதவர்களும் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கினால் இனாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் யாருக்குமே மருந்துக்குக் காசில்லை. இங்கே போட்ட தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோங்கள். மாமிகளே, அதைப் பெட்டியின் அடியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை போன மாதம் புறப்பட்டுப் போய்விட்டார். வேலையும் கிடைத்துவிட்டதாம். ராத்திரி பத்து மணிக்கு எதிர் வீட்டு மாடியில் விளக்கு எரிகிறது. பெண் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கிறாள். மாமி காலண்டரில் இரண்டு தேதிகளைச் சிவப்பு மசியால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். ஒன்று டாக்டர் சொன்ன பிரசவத் தேதி. மற்றொன்று மாப்பிள்ளையின் ஆறாவது சம்பளச் சீட்டு வருகிற தேதி.