நீண்டு வளரும் சொண்டு

வீட்டிலே கூடு வைத்துப் பறவை வளர்ப்போர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "எங்கள் குருவியின் சொண்டு நீண்டு வளைந்து வருகின்றது, நகவெட்டியால் வெட்டிவிடலாமா?" என்பதே அது. பெரும்பாலும் மாணவரே இதனைக் கேட்கின்றனர். வெட்டலாகாது என ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், காரணம் விளங்காத தடை நெடுநாள் நில்லாது. ஆதலின் இவ்வாரம் அக்காரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பச்சை, மஞ்சள், நீல நிறச் சிறு கிளிகளுட் பல அப்பெயருக்கு உரியன அல்ல. அப்பெயருக்குரிய கிளி ஆபிரிக்காவைச் சேர்ந்தது. நம் கூடுகளில் இருப்பது அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளிலே பெருங் கூட்டமாய்த் திரியும் பட்ஜெரிகர் என்னுங் கிளி. பறவையியல் அறிஞர் ஜோன் கூல்ட் 1840இல் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அதன் பின்னர் இது உலகெங்கும் வீட்டுப் பறவையாயிற்று. இதன் நிறை முப்பது நாற்பது கிராம் மாத்திரமே. இந்த நிறையை மனத்திற் கொள்வது நன்று. பின்னர் இதனால் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

சொண்டு வெறும் ஓடன்று. உள்ளே என்பு, என்பின் மேல் குருதி நாளங்களும் நரம்புகளும் பரந்த மெல்லிய தோல், அதன் மேல் கெரற்றின் என்னும் பொருளாலாகிய உறை. நமது நகமும் மாட்டின் கொம்பும் இப்பொருளாலாயவையே. நகம்போல இவ்வுறையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். சுகமாயுள்ள கிளி அதனைத் தானே தேய்த்துக்கொள்ளும். மாலையிலே, கிளி உறங்கப்போகும் வேளையிற் கூட்டருகே செவிசாய்த்தால், மெல்லிய கரகர ஒலி கேட்கும். மேற்சொண்டையுங் கீழ்ச்சொண்டையும் ஒன்றோடொன்று உராய்க்கும் ஒலி அது. எனவே சொண்டு அளவுகடந்து நீண்டதாயின், தேய்வு குன்றியிருத்தல் வேண்டும், அன்றேல் வளர்ச்சி பிறழ்ந்திருத்தல் வேண்டும். பட்ஜெரிகரிற் பெரும்பாலும் பின்னையதே நிகழ்கின்றது.

அதற்கு முதற் காரணம் ஒருவகைச் சிற்றுண்ணி. சிலந்தியினத்துக்கு உறவான, எட்டுக்கால் கொண்ட இவ்வுயிர் வெறுங் கண்ணுக்குப் புலப்படாதது. மூக்குத் துளைகளைச் சூழ்ந்த தோலிலும் சொண்டின் அடியிலும் இது துளைத்துக் குடியேறும். அவ்விடத்திலே சாம்பல் நிறமாய், தேன்வதைபோல் நுண்துளைகள் நிறைந்த பொருக்கு உண்டாகும். சில வேளை கால்களிலும் அது காணப்படும். சொண்டு வளரும் இடமே சிதைவதனால், வளர்ந்து வருஞ் சொண்டு கோணலாகின்றது. நுனியை எத்தனை முறை வெட்டினாலும் அடியிலிருந்து கோணலே வளரும். தக்க மருந்து கொடுத்தால் இந்நோய் எளிதில் மாறும். ஐவர்மெக்டின் என்னும் மருந்தை வைத்தியர்கள் மிக நுண்ணிய அளவிற் கையாளுகின்றனர். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே மாட்டுக்கென விற்கப்படும் போத்தலைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: அதில் ஒரு துளிதானும் இச்சிறு குருவிக்குரிய அளவைப் பன்மடங்கு கடந்துவிடும்.

இரண்டாவது காரணம் ஈரலிலே உள்ளது. தினையும் சாமையுமே தின்று, பறக்க இடமின்றி ஆண்டுக்கணக்காய் ஒரே தண்டில் அமர்ந்திருக்கும் கிளி கொழுக்கின்றது. கொழுப்பு ஈரலைப் பற்றுகின்றது. ஈரல் கெட்டபோது சொண்டு விரைவாகவும் மென்மையாகவும் வளர்கின்றது. அதில் கறுத்த இரத்தப் புள்ளிகளும் தோன்றலாம். சொண்டும் நகங்களும் ஒருங்கே நீளக் கண்டால் ஈரலை ஐயுறவேண்டும். இத்தகைய கிளி கையிலே பிடித்த அதிர்ச்சியாலேயே இறந்துபோதலும் உண்டு. காயம், கட்டி, விற்றமின் ஏ குறைவு, வைரசு நோய் என்பனவும் காரணங்களாகலாம்.

இனி, அந்தக் கணக்கு. பறவையின் குருதி அதன் நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. முப்பத்தைந்து கிராம் கிளியின் உடலிலே மூன்றரை மில்லிலீற்றர் அளவே குருதி உண்டு; ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. சொண்டு நீளும்போது உள்ளே ஓடும் நாளமும் உடன் நீளுகின்றது. நகவெட்டி அதனைத் தொட்டால், நமக்கு அற்பமாய்த் தோன்றுஞ் சில துளிகள் கிளிக்குப் பேரிழப்பு. நகவெட்டியின் அழுத்தத்தாற் சொண்டு நெடுக வெடித்துவிடுதலும் உண்டு. மேலும், பறவைகளுக்கு நம்மைப்போல் மூச்சை இயக்கும் உதரவிதானம் இல்லை; நெஞ்சு விரிந்து சுருங்குவதனாலேயே மூச்சு நடைபெறுகின்றது. துடிக்கும் கிளியை நழுவாதிருக்க இறுக்கிப் பிடிக்குங் கை அதன் மூச்சையே நிறுத்திவிடலாம்.

அதற்காகக் காலங்கடத்தலும் ஆகாது. இங்கே பலரும் ஏமாறுவது தீனிக் கிண்ணத்தைப் பார்த்தே. கிளி கிண்ணத்தண்டை நின்று கொறித்தவண்ணம் இருக்கும், கிண்ணமும் நிறைந்திருக்கும். மெதுவாக ஊதிப் பார்த்தால் உமி பறக்கும். அடியிலே தானியம் இராது. அன்றேல், நீண்ட சொண்டால் உமி நீக்க முடியாமையால் தானியம் முழுவதும் அப்படியே கிடக்கும். இரண்டும் பட்டினியே. நெஞ்சின் நடு என்பு கத்திமுனைபோல் விரலிற் படுமாயின் அது பல நாட் பட்டினி.

மாடும் ஆடும் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு குருவியைக் கொண்டுபோவதா என நாணுவோர் உளர். குருவியின் விலையிலும் வைத்தியச் செலவு கூடுதல் என்போரும் உளர். வாங்கிய விலையைக் கொண்டு உயிரை மதிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்கவேண்டியதில்லை என்பது நம் கருத்து. மிருக வைத்தியரிடம் முன்னதாகவே விசாரித்து, பறவை பார்ப்பவரா என அறிந்து செல்லலாம். பேராதனையிலே பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலையும் உண்டு. வைத்தியர் காரணத்தை ஆராய்ந்த பின்னரே, சிறிய அரத்தாலோ, பல்லைக் குடையுங் கருவி போன்ற சுழற்கருவியாலோ, சொண்டைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பார். ஈரல் நோயுள்ள கிளிக்கு இது திரும்பத் திரும்ப வேண்டப்படும்.

வீட்டிற் செய்யக்கூடியவையும் உள. மருந்து தெளிக்காத கொய்யாக் கொப்பு ஒன்றைக் கூட்டினுள் வைத்தால் கிளி அதன் பட்டையைக் கொறித்து உரிக்கும். நம் கடற்கரைகளில் ஒதுங்குங் கணவாய் ஓட்டை நன்னீரிற் பலமுறை ஊறவைத்து, வெயிலிற் காயவிட்டுக் கட்டலாம், கல்சியம் கிடைக்கும். ஆயினும் நோயால் நீண்ட சொண்டை இவை குறுக்கிவிடா. தானியத்தோடு முருங்கையிலை, கரட், பூசணி என்பவற்றையும் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். வெண்ணெய்ப்பழம் மாத்திரம் கூடாது. அது கிளிக்கு நஞ்சு.

வைத்தியரிடம் கொண்டுபோகும்போது கூட்டை மெல்லிய துணியால் மூடி, காற்றுப் புக வழி விடுக. புறப்படுமுன் கூட்டைக் கழுவித் துடைத்து அழகுபடுத்த வேண்டாம். அடியில் விரித்த தாளிலுள்ள எச்சத்தையும் கிண்ணத்திலே கிடக்கும் உமியையும் அவர் பார்க்கவேண்டும்.