பியானோ சோறு போடுமா?

ஈப்போவில் பியானோ கற்க ஆசைப்படும் நம் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் பதில், "அது சோறு போடுமா?" என்பதுதான். பால்மரம் சீவி, லயத்து வீட்டில் பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு.

2019இல் சென்னையைச் சேர்ந்த 13 வயது லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றபோது நாமெல்லாம் கைதட்டினோம். வேகத்தைத்தான் பார்த்தோம். அவருடைய தந்தை வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அவர் பயின்றது ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி. வீட்டிலும் இசை, வெளியிலும் நல்ல ஆசிரியர். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டும் எளிதில் வாய்ப்பதில்லை.

மேடைக் கலைஞரின் பிழைப்பு ஒரு நாள் வெற்றியன்று. ஒன்றரை மணி நேரக் கச்சேரியை ஏட்டைப் பாராமல் வாசிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அப்படி வாசிப்பவர்களிலும் பலர் கற்பித்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அதில் என்ன குறை? நம் பேராவிலேயே, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசை பயிலலாம். மருத்துவம், சட்டம் என்றே பாரம் நிரப்பும் நாம் (நானுந்தான்) அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

தீபாவளி விருந்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு பிள்ளையின் பியானோ வகுப்புக் கட்டணத்துக்கு ஒதுக்கலாமே. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.