கூகைக்குக் கல்லெறியலாமா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று உண்டு. போன வருஷம் அதில் ஒரு ஜோடி கூகை குடியேறியது. "கூகை அலறினா குடும்பத்துக்கு ஆகாது, கல்லால அடிச்சு விரட்டு" என்றார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. தினமும் பொழுது சாயும் நேரம் கிணற்றடியில் உட்கார்ந்து, மகளின் செல்போனில் ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்தேன். எல்லாம் மங்கல். ஒன்றில் மட்டும் அதன் காலில் எலி தொங்குவது பளிச்சென்று தெரிந்தது. மாமியாரிடம் காட்டினேன். "நம்ம சோளத்தைத் தின்ன எலியா?" என்றவர், அப்புறம் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

மக்காச்சோளம் விளையும் நம் பெரம்பலூர் பக்கம், கூகை சம்பளம் வாங்காத காவல்காரன். எலிக்கு வைக்கும் விஷம், அந்த எலியைத் தின்னும் கூகையையும் சாகடிக்கும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட. 2024-ல் சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்த அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கு, பறவைகளைப் படம் பிடிக்க எங்கிருந்தோ வருகிறார்கள். நம் கொல்லைக்குத் தானாக வந்ததை நாம் விரட்டலாமா? குஞ்சு இருந்தால் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று படம் எடுங்கள். கல்லை மட்டும் கீழே போட்டுவிடுங்கள், சகோதரிகளே!

- ஒரு வாசகி, பெரம்பலூர்.